மாவும் சீமெந்துப் பையும்: திருகோணமலையில் முதல் படக்கொப்பி கட்டுவோருக்கு

பழைய கடதாசி, துணி, ஓலை, டிக்கெட், கையால் செய்த தாள் என்று கையில் கிடைப்பதையெல்லாம் சேர்த்து ஒரு கொப்பி கட்டி, அதற்குள் வரைந்தும் ஒட்டியும் எழுதியும் வைக்கலாம். தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி “சாமான் எங்கே வாங்கலாம்?” என்பது. பெரும்பாலும் எதுவும் வாங்கத் தேவையில்லை. இறக்குமதி ஸ்டிக்கரும் பூப்போட்ட டேப்பும் வைத்துக் கட்டிய கொப்பியைப் பார்த்து, அது திருகோணமலையில் கட்டியதா ரொறொன்ரோவில் கட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. காசும் போய் ஊரும் போய்விடும்.

நம்மூரில் உண்மையான தொல்லை ஈரம். பட்டினத்தைச் சுற்றிக் கடல். ஐப்பசி தொடங்கினால் தை வரை வாடைமழை. பசை புளிக்கும், தாள் நெளியும், பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சி குடியேறும். அதனால் அலங்காரத்தைக் கடைசிக்கு விடுங்கள். பசை, காயவைப்பு, தையல் மூன்றும் கைவந்தவர் கட்டும் கொப்பி சும்மா பழுப்புத் தாளாக இருந்தாலும் நிற்கும். அவை வராமல் எவ்வளவு வடிவாக ஒட்டினாலும் அடுத்த மாரிக்குள் பிரிந்துவிடும்.

தாள் செய்வதை வைகாசி முதல் ஆவணி வரை, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்கள் தைக்கவும் ஒட்டவும் தோதானவை.

என்னென்ன சேர்க்கலாம்

ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துவைத்துப் போடத் தொடங்குங்கள்: பஸ் டிக்கெட், பரிசு விழாத லொத்தர் சீட்டு, நாட்காட்டியில் தினமும் கிழிக்கும் தாள், தேயிலைப் பெட்டியின் மட்டை, கடித உறையின் உட்பக்கம், கச்சான் கொட்டை சுற்றித் தந்த கொப்பித் தாள். கச்சான் சுருளை விரித்தால் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கும் அதன்மேல் சிவப்புச் சரியும் இருக்கும். அப்படி ஒரு தாளைக் கடையில் வாங்க முடியாது. சவர்க்காரப் பெட்டியும் மருந்துப் பெட்டியும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சாகி வருவதால் எழுத்துகளை வெட்டி ஒட்டுகிறவருக்கு அவை புதையல்.

கல்யாணக் கார்ட் நல்ல தடிப்பு, பொன் அச்சும் கிடைக்கும். ஆனால் பிள்ளையார் படத்தைக் கத்தரிப்பது பல வீடுகளில் மனக்கசப்பு. அரபு வசனம் அச்சிட்ட நாட்காட்டியும் அப்படித்தான். ஓர விளிம்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தையும் வசனத்தையும் விட்டுவிடுவது என் வழக்கம்.

சீமெந்துப் பையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரிலேயே சீமெந்து ஆலை இருக்கிறது; வீடு கட்டாத ஒழுங்கையும் கிடையாது. கடதாசிப் பை பல மடிப்பாக வரும். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து உதறி, தூள் படாத நடு மடிப்புகளை உரித்தெடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, கசக்கி, விரித்து, மறுபடி கசக்குங்கள். ஏழெட்டுத் தடவை கசக்கியதும் மொடமொடப்புப் போய்த் தோல்போல் துவளும். கொப்பிக்கு மேலட்டை இதுதான். நூலிழைப் பிளாஸ்டிக் பைகள் இதற்கு உதவா.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து சிப்பியோ முருகைக் கல்லோ கொண்டுவருவது குற்றம். முருகைக் கல் எந்தக் கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் கைவைக்காதீர்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் உதிர்ந்து கிடக்கும் ஓட்டுத் துண்டுக்கும் மான் கொம்புக்கும் அதே சட்டந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரூபாய்த் தாளை வெட்டி ஒட்டுவதும் இந்த நாட்டில் தண்டனைக்குரியது. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் அள்ளலாம் என்றால் கடல் தேய்த்த கண்ணாடித் துண்டையும் அறுந்த வலைத் துண்டையும் அள்ளுங்கள், கரைக்கும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். உப்பு தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்; பக்கம் ஒருநாளும் காயாது.

குடும்பத்துப் பழைய போட்டோ, கடிதம், பிறப்புச் சான்றிதழ் எதையும் மூலமாக ஒட்டாதீர்கள். சண்டையிலும் 2004 சுனாமியிலும் ஆல்பம் முழுதாகப் போன வீடுகள் இங்கே எத்தனையோ. போட்டோகொப்பி எடுத்து அதை ஒட்டினால் போதும். அதுதான் வேலைக்கும் வசதி. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பசை காய்ச்சுதல்

பிரீமா மா ஆலை சீனன்குடாவில் நிற்கும்போது கடைப் பசைக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? ஒரு கோப்பை கோதுமை மாவுக்கு ஐந்து கோப்பை தண்ணீர். ஒரு கோப்பைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மிச்சம் நாலு கோப்பையையும் கொதிக்கவைத்து, கரைசலை மெல்ல ஊற்றி, அடுப்பைத் தணித்துக் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் பால் வெள்ளையாக இருக்கும். நாலைந்து நிமிடத்தில் நிறம் மங்கிக் கண்ணாடித் தன்மை வரும். அகப்பையைத் தூக்கினால் சொட்டாமல் நாடாவாக விழும். அப்போது இறக்குங்கள். அதற்கு முன் இறக்கினால் மா வேகாது, காய்ந்தபின் தூளாக உதிரும். ஆறியதும் வலைத்துணியில் அரித்துக்கொண்டால் கட்டி இருக்காது.

நம்மூர்ச் சூட்டில் இது வெளியே ஒரு நாள்தான் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள். காய்ச்சும்போது ஒரு சிட்டிகை படிகாரமும், ஆறியபின் இரண்டு சொட்டுக் கராம்பு எண்ணெயும் சேர்த்தால் பூச்சியும் பூஞ்சணமும் சற்று விலகி நிற்கும். பழைய புத்தகம் கட்டுவோர் துருசு போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கிற வீட்டில் வேண்டாம்.

மாப்பசை கடதாசிக்கு. துணி, மட்டை, ஓலை, மரம் இவற்றுக்கு ஹாட்வெயார் கடையில் விற்கும் வெள்ளை பைண்டர் கம் நல்லது. காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றிரண்டில் அது ஒன்று. பிளாஸ்டிக்கும் பளபளக்கும் பிஸ்கட் உறையும் இரண்டிலும் ஒட்டாது. ஊசி நூலால் தைத்துவிடுங்கள், பார்வைக்கும் அதுவே வடிவு.

தாள் செய்தல்

கொப்பி முழுவதையும் கைத்தாளில் கட்ட முதல்முறை முயலாதீர்கள். ஏழெட்டுத் தாள் போதும். மிச்சத்துக்கு ஒருபக்கம் அச்சான அலுவலகத் தாளும் சீமெந்துப் பைத் தாளும் இருக்கின்றன. கூழுக்கும் அலுவலகத் தாளே சிறந்தது, நார் பலமானது. வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைத் தாளில் லிக்னின் என்ற, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் பொருள் அப்படியே இருப்பதால் சாம்பல் நிறமாக வந்து, வெயில் பட மஞ்சளாகி முறியும். நாலில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம்.

கூழை அள்ளச் சட்டம் இரண்டு வேண்டும், ஒரே அளவில். பழைய படச்சட்டம் உள்ளளவு 15 × 21 செ.மீ. அளவில் இருந்தால் வேலை முடிந்தது. ஒன்றில் யன்னல் நுளம்பு வலையை முரசுத் தோல்போல் இழுத்து ஆணியடியுங்கள். தொய்ந்தால் தாள் நடுவில் தடித்துவிடும். மற்றது வெறும் சட்டமாக மேலே உட்காரும். தாளுக்கு விளிம்பு கொடுப்பது அதுதான்.

1. தாளைத் தீப்பெட்டி அளவுக்குக் கிழித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். ஸ்டேப்பிள் கம்பியை முன்பே கழற்றுங்கள். இல்லாவிட்டால் பிளெண்டரும் போகும், தாளிலும் துருப்புள்ளி விழும்.

2. ஒரு கைப்பிடி ஊறிய தாளுக்கு முக்கால் சாடி தண்ணீர். விட்டு விட்டு அடித்தால் மெஷின் சூடாகாது. சமையலுக்குப் பாவிக்கும் பிளெண்டரை இதற்கு எடுக்காதீர்கள். உரலில் இடித்தாலும் வரும். கை நோகும், ஆனால் நார் நீளமாக நிற்பதால் தாள் பலமாக இருக்கும்.

3. சட்டம் படுக்கையாக அமிழக்கூடிய பேசினில் முக்கால் பங்கு தண்ணீர் விட்டுக் கூழைக் கலவுங்கள். தண்ணீர்க் கஞ்சிப் பதம்.

4. கையால் நன்றாகக் கலக்கியவுடனே, வலைச் சட்டமும் வெறுஞ்சட்டமும் சேர்த்துப் பிடித்துச் செங்குத்தாக இறக்கி, அடியில் படுக்கையாக்கி, நேரே மேலே தூக்குங்கள். தண்ணீர் வடிகிற அந்த நாலைந்து வினாடிக்குள் இடம் வலமாகவும் முன் பின்னாகவும் ஒரு சின்ன ஆட்டு. நார் ஒன்றோடொன்று பின்னுவது அப்போதுதான். தண்ணீர் வடிந்தபிறகு ஆட்டினால் தாள் வெடிக்கும்.

5. வெறுஞ்சட்டத்தை எடுத்துவிட்டு, நனைத்துப் பிழிந்த பழைய சாரத் துண்டின் மேல் வலைச் சட்டத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டுவதுபோல் கவிழ்த்து, வலையின் முதுகை ஸ்பொஞ்சால் ஒற்றுங்கள். ஓரத்தைத் தூக்கினால் தாள் துணியில் தங்கும். தங்காவிட்டால் தண்ணீர் அதிகமாக இருக்கிறது, இன்னும் ஒற்றுங்கள்.

6. துணி, தாள், துணி, தாள் என்று அடுக்கி, மேலே பலகையும் நாலு செங்கல்லும் வைத்து அரைமணி நேரம் விடுங்கள்.

பிறகு துணியோடு எடுத்து நிழலில் கொடியில் போடலாம். வழுவழுப்பான பக்கம் வேண்டுமானால் யன்னல் கண்ணாடியில் தாளை அப்பி, காய்ந்தபின் உரியுங்கள். நேர் வெயிலில் போட்டால் ஒரு மணியில் காயும், அப்பளமாகச் சுருண்டும் விடும். கோட்டைப் பக்கமும் பட்டினத்துக்குள்ளும் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்று: நம்மூர் மான்கள் மட்டையும் கடதாசியும் தின்னப் பழகியவை. மதிலுக்கு வெளியே காயப்போட்டால் தாள் இருக்காது.

அப்படியே எழுதினால் மை ஊறிப் பரவும். சோற்றுக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடித்து, காய்ந்த தாளின் இரு பக்கமும் தூரிகையால் பூசி மறுபடி காயவிட்டால் பேனாவுக்கு இடங்கொடுக்கும். உப்புப் போடாத கஞ்சியாக இருக்க வேண்டும்.

வாழை நார் கலக்க ஆசை வந்தால்: தண்டுப் பட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கி, சலவைச் சோடா போட்ட தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் அவித்து, வழுக்கல் போகும்வரை கழுவி, இடித்து, கூழில் ஐந்தில் ஒரு பங்காகச் சேருங்கள். அலுமினியச் சட்டியில் அவிக்காதீர்கள், சோடா சட்டியைத் தின்றுவிடும்.

சாயம்

கடும் சாயத் தேத்தண்ணியில் தாளைத் தோய்த்தால் பழுப்பு. அதே தாளின் மேல், துருவேறிய ஆணியை வினாகிரியில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்த நீரைத் தூரிகையால் தொட்டு வையுங்கள்: தொட்ட இடம் கண்முன்னே சாம்பலாகி, பிறகு கறுக்கும். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மையாகின்றன. அளவோடு பாவியுங்கள், இரும்பு கூடினால் காலப்போக்கில் தாளை அரிக்கும். வெங்காயத் தோலை அவித்த நீர் பொன்பழுப்பு தரும். மஞ்சள் அழகுதான், வெளிச்சத்தில் சில மாதத்தில் ஓடிவிடும். நீலக் காக்கணம்பூவும் நிற்காது. ஆனால் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டால் நீலம் ஊதாவாக மாறுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

கொப்பி கட்டுதல்

ஏ4 தாள் ஐந்தை ஒன்றாக மடித்தால் ஒரு கட்டு. அப்படி மூன்று கட்டு. 30 இலை, 60 பக்கம். கைத்தாள் மடிக்கப் பெரிதாக இராது; அவற்றைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

மேலட்டைக்குச் சீமெந்துப் பைத் தாள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பைண்டர் கம்மில் ஒட்டி, 33 × 22 செ.மீ. அளவுக்கு வெட்டுங்கள். நடுவில் 2 செ.மீ. அகலம் முதுகு. அதன் உட்பக்கம் பழைய சேலைக் கரையை ஒரு பட்டியாக ஒட்டினால் நூல் இழுக்கும்போது கிழியாது. இதைப் பலகைக்கடியில் ஒரு நாள் அழுத்திக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் நெளிவு நிரந்தரமாகும்.

ஒவ்வொரு கட்டின் மடிப்பிலும் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. முதுகில் அரை செ.மீ. இடைவெளியில் மூன்று கோடு கீறி, மேலட்டை அரை செ.மீ. நீண்டிருப்பதைக் கணக்கில் எடுத்து 3.5, 11, 18.5 செ.மீ. உயரங்களில் துளையிடுங்கள்.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கடற்கரை ஊர் என்பதால் வலை பின்னும் நைலோன் நூலை எடுக்கத் தோன்றும். அது முடிச்சில் வழுக்கும், தாளை அறுக்கும். தையல் நூலை நாலு புரியாக்கி மெழுகுதிரியில் இரண்டு முறை இழுத்தால் சிக்காது. ஒரு கட்டுக்கு நூல் நீளம், கொப்பி உயரத்தைப்போல் மூன்று மடங்கு.

தையல் எளிது. கட்டின் உட்பக்கம் நடுத்துளையில் ஊசியை விட்டு மேலட்டைக்கு வெளியே எடுங்கள். நூல் நுனி ஒரு சாண் உள்ளே தொங்கட்டும். வெளியே மேல்துளைக்குப் போய் உள்ளே வாருங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேரே கீழ்த்துளைக்குப் போய் வெளியே எடுங்கள். திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றது வருமாறு வைத்து, மடிப்பின் திசையில் இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் துளை கிழியும். மற்ற இரண்டு கட்டுக்கும் இதே தையல்.

கட்டி முடித்ததும் கொப்பி மெலிந்து இருக்கும். ஒட்ட ஒட்ட வயிறு புடைத்து மூடாது. இதற்கு முன்னேற்பாடு: மூன்று இலைக்கு ஒன்றை மடிப்பிலிருந்து 2 செ.மீ. விட்டுக் கத்தரித்துவிடுங்கள். அந்தக் கீற்று நிற்கும் இடம், ஒட்டும் தடிப்புக்கு இடம். கீற்றின் மேலேயே கைத்தாளை ஒட்டினால் அது தைத்த பக்கம்போல் நிற்கும்.

பக்கத்தை நிரப்புதல்

ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் (1887–1948) என்ற ஓவியர் ட்ராம் டிக்கெட்டும் சாக்லேட் உறையும் தெருக் குப்பையும் ஒட்டியே தன் படங்களைச் செய்தார். பள்ளிக்கூடத்தில் நாம் செய்த ஒட்டுச்சித்திரமும் அந்த வகைதான். விதி என்று பெரிதாக இல்லை; வரிசை மட்டும் உண்டு.

பழைய அச்சுத் தெரியும் பக்கத்துக்கு முதலில் வெள்ளை அடியுங்கள். சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன் மூன்று பங்கு, பைண்டர் கம் ஒரு பங்கு. மெல்லிய ஒரு பூச்சு. எனாமல் பெயின்ட் கூடாது. அச்சு அரைகுறையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள், அதுதான் சுவை. காய்ந்தபின் பெரிய துண்டுகளை ஒட்டுங்கள். பசையைப் பக்கத்தில் பூசாமல் துண்டின் முதுகில் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவுங்கள். மெல்லிய தாளைப் பசை பூசி அரை நிமிடம் விட்டு, நீண்டு முடித்தபின் ஒட்டினால் சுருக்கம் விழாது. பிறகு நீர்வர்ணம், அதற்குப்பின் பேனா. பாஸ்டலும் மெழுகும் கடைசி, ஏனென்றால் அவற்றின் மேல் எதுவும் பிடிக்காது. வேண்டுமென்றே மெழுகுதிரியால் முதலில் கோடு இழுத்து, மேலே தேத்தண்ணி பூசினால் கோடு வெள்ளையாக எழுந்து நிற்கும். அலை வரைய நல்ல வழி.

போட்டோகொப்பி விஷயத்துக்கு வருகிறேன். பைண்டர் கம்மைப் பக்கத்தில் மெல்லப் பூசி, போட்டோகொப்பியைப் படம் கீழ்நோக்க அப்பி, இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் முதுகை ஈரவிரலால் நனைத்து, வட்டமாக மெதுவாகத் தேயுங்கள். கடதாசி உருளை உருளையாகத் திரண்டு வரும். முதலில் மங்கலான வெண்படலம். காய்ந்ததும் மறுபடி நனைத்துத் தேய்த்தால், கோணேசர் கோயில் வாசலோ அம்மம்மாவின் முகமோ பழுப்புத் தாளில் பதிந்து நிற்கும். கருந்தூள் கம்மில் ஒட்டிக்கொள்ள, தாள் மட்டும் போகிறது. வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டது கரைந்துவிடும், கடைப் போட்டோகொப்பிதான் வேண்டும். படம் இடம் வலமாக மாறி விழும். எழுத்து இருந்தால் கடையில் கண்ணாடிப் பிம்பமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்துக்காவது ஓலை வையுங்கள். இளம் பனையோலையை நறுக்கி, மஞ்சள் போட்டு அவித்து, நிழலில் காயவைத்து, தடித்த ஊசியால் எழுதிக் கீறுங்கள். கீறியது முதலில் தெரியாது. விளக்குக் கரியைத் துளி நல்லெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்ததும் எழுத்துக் கறுப்பாக வரும். எண்ணெய் நன்றாக உலர்ந்தபின், இரண்டு துளையிட்டுக் கீற்றில் தைத்துவிடுங்கள்.

வைப்பு

ஒவ்வொரு முறை ஒட்டியபின்னும் அந்தப் பக்கத்துக்கு இருபுறமும் பொலித்தீன் தாள் செருகி, மேலே பாரம் வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பொலித்தீனை மறுநாள் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். விட்டால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம். மழைக்காலத்தில் பிஸ்கட் தகரத்துக்குள், வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து கூட வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றி, வெயில் தலைகாட்டும் நாளில் கொப்பியை விரித்து நிழலில் காற்றாடவிடுங்கள். பூஞ்சணம் வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பரவும். வெளியே கொண்டுபோய்க் காயவைத்து உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பேசினில் மிஞ்சிய கூழை வடிகானில் ஊற்றவே வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும். சாரத்துணியில் வடித்துப் பிழிந்து உருண்டையாக உருட்டிக் காயவைத்தால் அடுத்த கச்சான் காற்றுக் காலம் வரை கெடாது. ஒரு இரவு ஊறவிட்டு மறுபடி அடித்தால் கூழ் தயார்.